கூவம் நிறைந்த வாரத்தில் பூந்தமல்லிக்கு

அன்று காலை அந்த ஆட்டோவில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர் ஜமால் பாய். பின்சீட்டில் நடுவில் என் மனைவி செல்வி, அவளுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி பாஸ்கர், இந்தப் பக்கம் நான். என் மடியில் ஒரு பொட்டலம். வீட்டின் தாய்ப்பத்திரம், செல்வியின் பாஸ்போர்ட், ஆதார் அட்டை, போட்டோக்கள் எல்லாம் அதற்குள். மூன்று பிளாஸ்டிக் பை போட்டு, ஒவ்வொரு பையின் மேலும் டேப் சுற்றி நானே கட்டியது. பாஸ்கர் அதையும் ஓர் ஆளாகவே கணக்கில் சேர்த்தான். "மாமா, அந்தக் கொழந்தைக்கு மூச்சு முட்டப் போவுது, கொஞ்சம் லூசா புடிங்க" என்று பட்டாபிராம் தாண்டும்வரை கிண்டல் செய்துகொண்டே வந்தான். நான் பிடியை விடவில்லை.

பூந்தமல்லி பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதினொன்றரைக்கு எங்களுக்கு டோக்கன். நடுவில் கூவம் ஆறு. இரண்டு நாளாக அதில் வெள்ளம். மறுநாள் இரவு எங்களுக்கு விமானம். வேறு யாராவது இருந்தால் இவ்வளவோடு கவலை நின்றிருக்கும். எனக்கு நிற்காது.

நான் மலேசியாவில் தைப்பிங்கில் லாரி டயர் கடையில் வேலை பார்க்கிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜாக்கி வைத்து பத்து டன் லாரியைத் தூக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவேன். ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால் பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். அப்படிப்பட்டவன் மனைவியைப் பத்திரப்பதிவுக்கு அழைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தேன்.

காரியம் இதுதான். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்குப்பத்தில் செல்வியின் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. பாஸ்கர் அதில் குடியிருக்கிறான். அவர் காலமான பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் அது பொது. செல்வி தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்கருக்கு வங்கிக் கடன் கிடைக்கும். கடன் எதற்கு என்று கேட்டபோது வீட்டைத் தூக்க என்று போனில் சொன்னான். மாடி கட்டப் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தபோதுதான் புரிந்தது, நிஜமாகவே தூக்கத்தான் போகிறான்.

முதல் நாள் அந்தத் தெருவில் இறங்கியதும் எனக்குத் தோன்றியது, வீடுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன, தெரு மட்டும் நிற்கிறது என்று. வருடா வருடம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெரு வாசற்படியைத் தாண்டி ஏறிவிட்டது. பாஸ்கர் வீட்டுக்குள் போக மூன்று படி கீழே இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்த மூன்று படியில் தண்ணீரும் இறங்கும்.

எதிர்வீட்டு அம்சா அக்கா வீடு மட்டும் தெருவை விட மூன்றடி உயரத்தில் நின்றது. அதுவும் ஒரு காலத்தில் பள்ளத்தில் இருந்த வீடுதானாம். அடித்தளத்தை வெட்டி, சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை முழுசாக உயர்த்தி, கீழே புதுச் செங்கல் கட்டியிருக்கிறார்கள். நான் குனிந்து அந்தப் புதுக் கட்டுமானத்தைத் தடவிப் பார்த்தேன். பழைய சுவரில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. முப்பது வருடமாக ஜாக்கியோடு குடும்பம் நடத்துகிறவன் நான். ஒரு ஜாக்கி ஒரு சுற்று முந்தினாலே லாரி சாயும். இங்கே நூறு நூற்றைம்பது ஜாக்கியை, விசில் ஊதிக்கொண்டு, ஒருவர் கையோடு ஒருவர் கை சேர்த்துக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புவார்களாம். உள்ளே குடும்பம் குடியிருக்குமாம்.

"ஊடு ஏறச்சொல்ல நான் உள்ள கொழம்பு தாளிச்சிகினு இருந்தேன்" என்றார் அம்சா அக்கா, பஸ்ஸில் போனதைச் சொல்கிற மாதிரி.

அன்று முழுக்க நான் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுற்றுலா வந்தவர்கள் கோவில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்கள் என்றாள் செல்வி. எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் நாங்கள் மேட்டுக்கு ஓடுவோம். இவர்கள் வீட்டையே மேட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். இதை நினைக்க இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கையெழுத்து வேலை நான்காம் நாள்தான் என்பதால் நடுவில் ஊர் சுற்றத் திட்டம் வைத்திருந்தோம். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் படகு, திருவேற்காட்டில் அம்மன் தரிசனம், ஒரு நாள் பூண்டி நீர்த்தேக்கம். செல்வி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பூண்டிக்குச் சுற்றுலா போயிருக்கிறாள். அந்த மதகுகளை எனக்குக் காட்ட வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் மாலையே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்காரனுக்கு மழை புதிதில்லை. எங்களுக்குத் தினமும் மழைதான். ஆனால் எங்கள் மழை பெய்துவிட்டுப் போய்விடும். இந்த மழைக்குப் போக மனசில்லை.

இரண்டாம் நாள் காலை இட்லியும் வடகறியும் பசியாறினோம். கடலைப் பருப்பு வடையைப் பிய்த்துப் போட்ட இந்தக் குழம்பை எங்கள் ஊரில் யாரும் வைப்பதில்லை. ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. பிறகு மழை கொஞ்சம் விட்டதும் படகு சவாரிக்குப் போனோம். ஏரிப் பூங்காவின் கதவு பூட்டியிருந்தது. படகுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். காவலாளி குடைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார்.

"ஏரியில போட் இல்ல நைனா. நாளைக்கு வா, ரோட்ல ஓட்டுவாங்க."

பாஸ்கர் சிரித்தான். நான் உடனே போனில் வானிலை பார்த்தேன். திருவேற்காட்டுப் பக்கம் கரையோரத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகவும், பூண்டியில் மதகு திறந்ததால் ஆட்களை உள்ளே விடவில்லை என்றும் அங்கேயே ஒருவர் சொன்னார். திட்டம் போட்ட மூன்று இடமும் அரை மணி நேரத்தில் போய்விட்டன. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதகு திறந்திருக்கும்போது பார்ப்பதுதான் அழகே என்று முணுமுணுத்தாள்.

அவளைத் தேற்ற பாஸ்கர் எங்களைக் கூவத்துப் பாலத்துக்குக் கூட்டிப் போனான். போனால், ஊரே அங்கே இருக்கிறது. பைக்கில் குடும்பம் குடும்பமாக வந்து பாலத்து ஓரத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஆறு என்றுதான் செல்வி எனக்குக் கூவத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அன்று அதில் நாற்றமே இல்லை. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, நுரை தள்ளிக்கொண்டு போனது. மக்காச்சோளம் சுடும் தள்ளுவண்டிகள் இரண்டு வந்து நின்றுவிட்டன. மிளகாய் பஜ்ஜி போடுகிற ஒரு பெண் சட்டியோடு வந்து கடை போட்டிருந்தாள். ஒருவர் தன் அம்மாவை வண்டியிலிருந்து கைபிடித்து இறக்கி, "பாரும்மா, நம்ம கூவம்மா இது" என்று காட்டினார். அந்த அம்மாள் ஆற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் ஆறு மூடிவிட்டது, பிறகு தானே பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, இந்தப் பாலம் தாங்குமா என்று பாஸ்கரிடம் மூன்று தடவை கேட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வாசல் வழியாக வரும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, அது குளியலறைச் சாக்கடை வழியாகப் பின்னாலிருந்து வந்தது. பாஸ்கரும் அவன் மனைவி மஞ்சுவும் பதறவே இல்லை. அவர்களுக்கு இது வருடாந்திர வேலை. பிரிட்ஜ் கட்டில் மேலே, அரிசி மூட்டை பரண் மேலே. அம்சா அக்கா எதிர்வீட்டுப் படியில் நின்று, "டீவிய இங்க அனுப்பு, மிக்சிய இங்க அனுப்பு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். தெருவில் நான்கு வீட்டுச் சாமான் அன்று அந்த ஒரு வீட்டில் இருந்தது. அப்போதுதான் அந்த மூன்றடியின் மதிப்பு எனக்கு முழுதாக விளங்கியது.

அந்தச் சந்தடியில் நான் செய்தது ஒன்றே ஒன்று. பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பொட்டலம் கட்டினேன். மூன்று பை, மூன்று சுற்று டேப்.

எல்லோரும் பட்டாபிராமில் மஞ்சுவின் பெற்றோர் வீட்டு மாடிக்குப் போனோம். மூன்றாம் நாள் முழுக்க அங்கே ஜன்னலில் உட்கார்ந்து சென்ட்ரலுக்குப் போகிற ரயில்களை எண்ணினேன். தாமதமாக வந்தாலும் வந்துகொண்டுதான் இருந்தன. மதியம் பத்திரம் எழுதுகிறவர் போன் செய்தார். நாளைக்கு அலுவலகம் உண்டு, டோக்கன் பதினொன்றரை, தவறினால் அடுத்தது அடுத்த வாரம்தான் என்றார். அடுத்த வாரம் நாங்கள் தைப்பிங்கில் இருப்போம். வங்கிக்கு இந்த மாதத்துக்குள் பத்திரம் போக வேண்டும். வீடு தூக்குகிறவர்கள் தை மாதத்துக்கு நாள் கொடுத்திருந்தார்கள், முன்பணம் போகாவிட்டால் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். அப்படியானால் இன்னொரு மழைக்காலம் அதே பள்ளத்தில். பாஸ்கர் இதில் எதையும் என்னிடம் சொல்லவில்லை. மஞ்சுதான் சொன்னாள். அவன் வராந்தாவில் நின்று, பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான்காம் நாள் காலை எட்டரைக்கே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ கேட்டோம். இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்றாவது ஜமால் பாய். அவருக்குப் பூந்தமல்லிதான் ஊர். முந்தின நாள் தண்ணீரால் வீட்டுக்குப் போக முடியாமல் ஸ்டாண்டிலேயே தங்கிவிட்டார். முந்நூற்றைம்பது ரூபாய் என்று பேசினோம். நான் பையிலிருந்து எடுத்து முன்பே கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. இறங்கும்போது கொடுங்கள் என்றார்.

முதலில் குறுக்கு வழியில் தரைப்பாலத்துக்குப் போனோம். பாலத்தைக் காணவில்லை. இரண்டு பக்கமும் ரோடு வந்து ஆற்றுக்குள் இறங்குகிறது, நடுவில் ஆறு மட்டும்தான். போலீஸ்காரர் கயிறு கட்டியிருந்தார். பாய் வண்டியைத் திருப்பினார். ஆவடி வழியாகப் பெரிய பாலத்துக்குப் போகிற ரோடுதான் மிச்சம். மணி ஒன்பதரை.

அந்த வழியெல்லாம் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூடியில்லாத ஒவ்வொரு பள்ளத்திலும் யாரோ ஒரு மரக்கிளையை நட்டு, அதன் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் கிளை கிடைக்கவில்லை போல. ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். வருகிற வண்டிக்கெல்லாம் ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டினார். எவ்வளவு நேரம் இப்படி என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"தண்ணி வடியற வரிக்கும்" என்றார். சம்பளம் இல்லை, சீருடை இல்லை. கையில் ஒரு டீ கிளாஸ் இருந்தது, அவ்வளவுதான்.

பருத்திப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு தாழ்ந்தது. தண்ணீர் ஆட்டோவின் தரைப் பலகைக்கு வந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன், பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். பாஸ்கர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. நடுத் தண்ணீரில் வண்டி இருமியது, நின்றது.

பாய் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கை வைத்தார். நான் சத்தம் போட்டே நிறுத்தினேன். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பு போதும், உள்ளே கம்பி வளைந்துவிடும். இது மட்டும் எனக்குத் தெரிந்த பாடம். அவர் என்னைப் பார்த்தார், கையை எடுத்தார். நாலு பேரும் இறங்கித் தள்ளினோம். தொடையளவு தண்ணீர். ஓர் இடத்தில் என் கால் ஏதோ பள்ளத்தில் போக, நான் கழுத்துவரை மூழ்கி எழுந்தேன். பொட்டலமும் என்னோடு உள்ளே போய் வந்தது. செல்வி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேட்டில் வண்டியை ஏற்றியபோது மணி பத்தே முக்கால். அங்கே நின்ற பெண் காவலர், இனிமேல் பாலம்வரை பெரிய வண்டி மட்டும்தான் என்றார். பாஸ்கர் ஈர ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"வுடுக்கா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். செல்வியைப் பார்க்காமல் சொன்னான்.

ஜமால் பாய் காது கேட்காதவர் மாதிரி ரோட்டின் நடுவுக்குப் போய் நின்றார். வந்தது ஒரு தண்ணி லாரி. வெள்ளத்தில் குடிதண்ணீர் விற்கப் போகிற லாரி. அந்த ஓட்டுநர் இவருக்குத் தெரிந்தவர் போல.

"மாமே, மூணு பேரு. பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல எறக்கணும். வாசல்ல. முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல."

"இன்னா பாய், என் வண்டி இன்னா ஷேர் ஆட்டோவா?"

"ஆமா. இன்னிக்கு ஆமா."

லாரிக்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். நான் நனைந்த பர்ஸிலிருந்து நனைந்த முந்நூற்றைம்பதை எடுத்து நீட்டினேன். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொண்டு போய் எறக்குனாதான் சவாரி அண்ணே. பாதியில வுட்டதுக்குக் காசு வாங்குற பழக்கம் எங்க அத்தாவுக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது. ஏறுங்க, மணி ஆவுது."

வண்டி கெட்டுப்போனது எங்களால்தானே என்று செல்வி கெஞ்சினாள். வண்டி தன் தலையெழுத்து, அது எங்கள் பில்லில் வராது என்றுவிட்டார். லாரி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

லாரி கேபினின் உயரத்திலிருந்து பார்த்தால் வெள்ளம் வேறு மாதிரி இருக்கிறது. அலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு கப்பல் மாதிரி போனோம். பாலத்தில் சோள வண்டிகள் இன்னும் நின்றன. செல்வி முதல் தடவையாக அன்று சிரித்தாள். பூண்டி மதகு போனால் போகட்டும், இது பரவாயில்லை என்றாள். சென்னீர்குப்பம் வந்ததும் பாஸ்கர் எட்டி அவன் தெருவைப் பார்த்தான். ஜன்னல் அடிவரை தண்ணீர். எதிரே அம்சா அக்கா வீட்டுப் படியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு லாரி வாசலில் நின்றது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சொட்டச் சொட்ட உள்ளே போனோம். பத்திரம் எழுதுகிறவர் என் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கத்தரிக்கோல் கேட்டார், அது மழுங்கல். பிளேடு வந்தது. எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்க்க, மூன்றாவது பை திறந்தது. பத்திரம் காகிதக்கடையிலிருந்து அப்போதுதான் வாங்கின மாதிரி மொறமொறவென்று இருந்தது. பாஸ்கர் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை, போட்டோ எடுக்கக் கூப்பிடும்வரை.

செல்வி கையெழுத்துப் போட்டாள், விரல் வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்தாம் நாள் தண்ணீர் இறங்கியது. விமானத்துக்குக் கிளம்பும் முன் நான் ஸ்டாண்டுக்குப் போனேன். பாய் இருந்தார், ஆட்டோ பட்டறையில் இருந்தது. ஆயிலும் பிளக்கும் மாற்றினால் போதுமாம். அன்று இன்னொரு திருப்பு திருப்பியிருந்தால் இஞ்சினே போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னதாகச் சொல்லி, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். காசை நீட்டினேன். மறுபடியும் கை பின்னால் போனது. அப்படியானால் இது எப்போதுதான் தீரும் என்று கேட்டேன். டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"மறுபடி வாங்க. இங்க ஏறுங்க, பூந்தமல்லில எறங்குங்க. அப்ப குடுங்க."

தை மாதம் பாஸ்கர் வீடியோ அனுப்பினான். விசில் சத்தம், வரிசையாகக் குனிந்த முதுகுகள், கால் சுற்று கால் சுற்றாக ஏறுகிற வீடு. ஜன்னல் விளிம்பில் விளிம்பு முட்டத் தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளர் வைத்திருந்தான், எனக்குக் காட்டவே. முழு வீடியோவையும் அந்த டம்ளரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இப்போது அந்த வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டுமாம்.

ஏறிப் பார்க்க இன்னும் போகவில்லை. அந்த நோட்டுகளை வெயிலில் காயவைத்து, என் பாஸ்போர்ட் உறைக்குள் தனியாக வைத்திருக்கிறேன். செல்வி அதிலிருந்து ஒரு தடவைகூட எடுத்ததில்லை. பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிவரை, ஜமால் பாய்க்குப் பாக்கி: முந்நூற்றைம்பது ரூபாய்.